தொட்டித் தண்ணீரைப் புரட்டிப்போடுவது

மீனும் பவளமும் வாழும் கடல்நீர்த் தொட்டியை வீட்டில் வைக்க ஆசைப்பட்டு என்னிடம் பேசுகிறவர்கள் முதலில் விளக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை வாட், எவ்வளவு நீலம், எத்தனை மணி நேரம் எரிய வேண்டும். அப்புறம் எந்த உப்பு, கழிவை நுரையாக்கிப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரில் எது. தண்ணீர் ஓட்டத்துக்கு வந்து சேரும்போது பணமும் பொறுமையும் தீர்ந்திருக்கும். "ஒரு வேவ்மேக்கர் போட்டா போதும்ல?" என்று, தண்ணீரை அசைக்கும் பம்பு ஒன்றோடு முடித்துவிடுவார்கள். எனக்கு இந்த வரிசையே தலைகீழாகத் தெரிகிறது. வெளிச்சம் குறைந்தால் பவளம் நிறம் மங்கி, சுருங்கி, வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஓட்டம் நின்றால் நெருக்கமாக உயிர்கள் உள்ள தொட்டி ஒரே இரவில் காலியாகிவிடலாம்.

வலுவான ஓட்டம் வேண்டும் என்று சொன்னதும் பலர் வேகமான பீச்சலைத்தான் நினைக்கிறார்கள். பம்பின் வாயிலிருந்து ஒரு கோடாகத் தண்ணீர் சீறி எதிர்க் கண்ணாடியில் போய் மோத வேண்டும் என்று. பவளத்துக்கு அது வேண்டாம். அதற்கு வேண்டியது நிறையத் தண்ணீர், அகலமாக, திசை மாறி மாறி வந்துபோவது. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் எந்தப் பம்பு வாங்குவது, எங்கே மாட்டுவது என்பதெல்லாம் தானாக வழிக்கு வந்துவிடும்.

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகும் சாலையில் ஓரிடத்தில் இறங்கி நின்று பாருங்கள். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. ஊர்க்காரர்கள் தெற்குப் பக்கத்தை ஆண்கடல் என்றும் வடக்குப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் கரையை அறைந்துகொண்டிருக்கும், பெண்கடல் அடங்கிக் கிடக்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் அப்படியே மாறிப்போகும். இரண்டு கடலிலும் பவளம் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை காற்று திரும்புகிறது, நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி வடிகிறது, சில வினாடிக்கு ஒருமுறை அலை வந்து திரும்புகிறது. அமைதியான மாதத்தில்கூட ஒரே பக்கத்திலிருந்து ஒரே வேகத்தில் விடாமல் தண்ணீர் வந்துகொண்டே இருப்பது பவளத்துக்குப் பழக்கமில்லாத அனுபவம். நம் தொட்டியில் ஒற்றைப் பம்பு அதைத்தான் செய்கிறது.

பவளத்துக்கு ஏன் ஓட்டம் இவ்வளவு முக்கியம்? அதற்குக் கால் இல்லை, செவுள் இல்லை, ஓடும் ரத்தம் இல்லை. வேண்டியதைத் தண்ணீர்தான் கொண்டுவர வேண்டும், கழிவைத் தண்ணீர்தான் எடுத்துப் போக வேண்டும். எந்தப் பரப்பை ஒட்டியும் ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நகராமல் நின்றுவிடும். ஓட்டம் குறையக் குறைய அந்தப் படலம் தடிக்கும். அதைக் கடந்து உள்ளே போவதும் வெளியே வருவதும் மெதுவாக ஊறித்தான் நடக்க வேண்டும். பகலில் பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகிறது. அது வெளியேற வழியில்லாவிட்டால் சதையை ஒட்டிய தண்ணீரில் ஆக்சிஜன் இயல்பைவிட இரு மடங்குக்கு மேல் ஏறிவிடும், அந்த மிகுதியே நஞ்சாகும். விளக்கை அணைத்த சில நிமிடங்களில் அதே இடத்தில் ஆக்சிஜன் அடியோடு தீர்ந்தும் போகும். ஒரு நாளில் இரண்டு எல்லைகளுக்கும் பவளம் போய்த் திரும்புகிறது. படலம் மெலிந்திருந்தால் இரண்டையும் சமாளிக்கும்.

1998-ல் உலகம் முழுக்கக் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தபோது ஜப்பானின் ஒகினாவாத் தீவுகளில் ஒரு விஷயம் கவனிக்கப்பட்டது. ஓட்டம் பலமாக இருந்த இடங்களில் கிளைவிடும் ஆக்ரோபோரா பவளங்கள் அதிகம் பிழைத்தன, தேங்கிய இடங்களில் அதிகம் செத்தன. பிறகு ஆய்வகத்தில் ஒரே சூட்டில் வேறு வேறு ஓட்டத்தில் வைத்துப் பார்த்தபோதும் அப்படியே நடந்தது. மே மாதச் சென்னையில் தொட்டியைக் காப்பாற்றப் போராடுகிற எனக்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை. சூட்டை ஓரளவுக்குத்தான் இறக்க முடியும். ஓட்டத்தை நம் கையால் கூட்டலாம்.

சரி, எவ்வளவு வேண்டும்? பரவலாகப் புழங்கும் கணக்கு இது: தொட்டியின் கொள்ளளவைப் போல மணிக்கு எத்தனை மடங்கு தண்ணீர் பம்புகள் வழியே போகிறது என்று பார்ப்பது. கல் போன்ற கூடு இல்லாத மெல்பவளங்களுக்குப் பத்திலிருந்து இருபது மடங்கு, கிளைக்கிளையாக வளரும் கல்பவளங்களுக்கு முப்பது, நாற்பது, அதற்கும் மேலே. என் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், சுமார் 270 லிட்டர். இருபது மடங்கு என்றால் மணிக்கு 5400 லிட்டர். இந்தக் கணக்கு கடையில் பம்பு வாங்கும்போது உதவும், அதற்கு மேல் நம்பக் கூடாது. 5400 லிட்டரையும் விரல் அளவு ஓட்டை வழியாகத் தள்ளினால் எதிரே உள்ள பவளத்தின் சதை உரிந்துவிடும், அரை அடி தள்ளி இருப்பது தேக்கத்தில் கிடக்கும். அதே 5400 லிட்டரை உள்ளங்கை அகல வாயிலிருந்து விட்டால் தொட்டி முழுவதும் அசையும்.

இதில் ஒரு இயற்பியல் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. தொட்டித் தண்ணீரை நகர வைப்பது பம்பு கொடுக்கும் உந்தம். அது நகரும் தண்ணீரின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. பம்பு செலவழிக்கும் ஆற்றலோ வேகத்தின் இருமடிக்குப் போகிறது. ஆகவே இரண்டு மடங்கு தண்ணீரைப் பாதி வேகத்தில் தள்ளினால் உந்தம் அதேதான், செலவு பாதி. பவர்ஹெட் எனப்படும் பழைய மூழ்கு பம்புகள் சிறிய சக்கரத்தைச் சுழற்றி ஒடுக்கமான வாய் வழியே பீய்ச்சின. 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் டுன்சே நிறுவனம் கப்பல் விசிறி போன்ற அகலமான இறக்கை வைத்த ஸ்ட்ரீம் பம்புகளைக் கொண்டுவந்தபோது இந்தப் பொழுதுபோக்கே மாறியது. குறைந்த வாட்டில் பெரிய நீர்த்திரள் மெதுவாக நகர்ந்தது. அப்புறம் இத்தாலியின் ஹைடோர் கொராலியா மலிவாக வந்தது. அமெரிக்காவின் எக்கோடெக் நிறுவனத்தின் வோர்டெக், மோட்டாரைக் கண்ணாடிக்கு வெளியே வைத்து, காந்தத்தால் உள்ளே இறக்கையைச் சுழற்றியது. இன்று நம் ஊரில் அதிகம் விற்பது சீனத் தயாரிப்புகள். ஜெபாவோ மாதிரியான டிசி பம்புகள் நம் பட்ஜெட்டுக்குள் வருகின்றன, கன்ட்ரோலரில் வேகத்தையும் துடிப்பையும் மாற்றிக்கொள்ளலாம்.

ஏசி பம்பு வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சின்ன மோட்டார்கள் மின்சாரத்தின் அலைவெண்ணோடு ஒட்டி ஓடுபவை. நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3000 சுற்று, அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் 3600. பெட்டியில் 60 ஹெர்ட்ஸ் கணக்கு அச்சிட்டிருந்தால், அதே மாதிரிப் பம்பு நம் வீட்டில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுழலும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் 110 வோல்ட் பம்பைச் சொருகினால் எரிந்தே போகும், அது தனிக் கதை.

எங்கே மாட்டுவது என்பதற்கு முன்னால் கற்களை அடுக்குவது வருகிறது. கற்களைப் பின்பக்கக் கண்ணாடியோடு சேர்த்துச் சுவர் மாதிரி எழுப்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தச் சுவருக்குப் பின்னால் எந்தப் பம்பாலும் ஓட்டம் கொடுக்க முடியாது. குப்பை அங்கேதான் போய்ச் சேரும். நாலு பக்கமும் கண்ணாடியிலிருந்து ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டு, நடுவில் இரண்டு தீவுகளாக, அடியில் குகைகள் விட்டு அடுக்கினால் பாதி வேலை முடிந்தது. கல் எது என்பதிலும் கவனம் வேண்டும். இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடலிலிருந்து செத்த பவளக்கல்லைப் பொறுக்கி வருவதும் குற்றம்தான். மன்னார் வளைகுடாவில் வீடு கட்டவும் சுண்ணாம்புக்குமாகப் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தத் திட்டுகள் அலையைத் தடுக்கும் வலுவை இழந்ததை அங்கே உள்ளவர்கள் இன்றும் சொல்வார்கள். என் தொட்டியில் செயற்கைக் கற்களும் மெல்பவளங்களும்தான், மீன்கள் பண்ணையில் பொரித்த கோமாளி மீன்கள். எனக்கு அது தாராளமாகப் போதும்.

இரண்டு பம்பு இருந்தால் எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடியில், மேலே மூன்றில் ஒரு பங்கு ஆழத்தில், நேருக்கு நேர் பார்க்காமல் சற்று விலக்கி மாட்டுங்கள். மாற்றி மாற்றி ஓட விடுங்கள். ஒன்று ஓடும்போது தண்ணீர் மேலே ஒரு பக்கம் போய், கண்ணாடியில் இறங்கி, அடியில் திரும்பி வரும். தொட்டி முழுக்க ஒரே பெரிய சுற்று. இரண்டாவது தொடங்கும்போது அந்தச் சுற்று உடைந்து எதிர்த்திசையில் பிறக்கும். உடையும் அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்கு முக்கியம். எந்த மூலையில் எப்படித் தண்ணீர் போகிறது என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது. மடிப்புகளில் தங்கிய குப்பை கிளம்புவது அப்போதுதான். சார்க்கோஃபைட்டன் என்கிற காளான் வடிவத் தோல்பவளம் அவ்வப்போது சுருங்கி மெழுகு மாதிரி ஒரு படலத்தை உரிக்கும். ஒரே திசை ஓட்டத்தில் அது ஒரு பக்கம் உரிந்து மறுபக்கம் ஒட்டிக்கொண்டு அழுகும். திசை மாறினால் முழுசாகக் கழன்று போய்விடும்.

டிசி பம்பின் துடிப்பைக் கொண்டு இன்னொன்றும் செய்யலாம். எந்தத் தொட்டித் தண்ணீரும் ஒரு பக்கம் எழும்பி மறுபக்கம் தாழ்ந்து ஊசலாடுவதற்குச் சொந்தமாக ஒரு கால அளவு வைத்திருக்கும். நான்கடி நீளமும் ஒன்றரை அடித் தண்ணீரும் உள்ள தொட்டிக்கு அது சுமார் 1.3 முதல் 1.4 வினாடி. பம்பு அதில் பாதி நேரம் தள்ளி, பாதி நேரம் சும்மா இருந்தால், சின்னச் சின்னத் தள்ளல் சேர்ந்து தண்ணீர் முழுவதும் ஆடத் தொடங்கும். நடுத் தொட்டியில் பவளங்கள் எல்லாம் ஒரே தாளத்தில் இப்படியும் அப்படியும் சாயும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஆடுவது கால் டன் எடை. ஸ்டாண்டு லேசாக அசைந்தாலும், மேல்விளிம்புப் பட்டை இல்லாத மெல்லிய கண்ணாடித் தொட்டியாக இருந்தாலும் இதை நாள் முழுக்க ஓட விடாதீர்கள். ஒட்டுகள் அதற்காகப் போடப்பட்டவை அல்ல.

பெரிய மீன்காட்சியகங்கள் இதே பிரச்சினையை எப்படித் தீர்த்தன என்று படிப்பது எனக்கு நீண்ட நாள் விருப்பம். கலிபோர்னியாவின் மான்டரேயில் 1984-ல் திறந்த மீன்காட்சியகத்தில் ராட்சதக் கெல்ப் பாசிக் காடு ஒன்றை உயிரோடு வளர்த்துக் காட்டினார்கள். கெல்ப்புக்கு வேர் மூலம் சத்து எடுக்கத் தெரியாது, இலை மேல் தண்ணீர் உரசிப்போனால்தான் உண்டு. அதற்கான அலை இயந்திரத்தை வடிவமைத்ததில் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் டேவிட் பேக்கர்டின் கை இருந்தது. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987-ல் திறந்த காட்சியகம் ஒரு பவளத்திட்டையே 25 லட்சம் லிட்டர் தொட்டியில் வைத்து, அழுத்தக் காற்றால் அலை எழுப்பியது. இவற்றை வீட்டில் செய்ய முடியாது. ஹொனலுலுவின் வைக்கீக்கி மீன்காட்சியகத்தில் புரூஸ் கார்ல்சன் செய்ததை யாரும் வீட்டில் செய்யலாம். அவர் கையில் எடுத்தது ஒரு வாளியும் ஒரு வளைந்த குழாயும்தான்.

இந்த வாளியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த விலைப் பம்பும் தராத ஒன்றை இது தருகிறது. தொட்டிக்கு மேலே இரண்டு மூன்று அடி உயரத்தில் ஒரு வாளி அல்லது டிரம். எங்கள் வீட்டில் தொட்டிக்கு நேர் மேலே பரண் இருப்பதால் அங்கேயே வைத்தேன். ஒரு சின்னப் பம்பு தொட்டியிலிருந்து தண்ணீரை நிற்காமல் மேலே ஏற்றுகிறது. டிரம்முக்குள் ஒரு பிவிசி குழாய் அடியிலிருந்து மேலே ஏறி, வளைந்து, வெளியே கீழிறங்கித் தொட்டித் தண்ணீருக்குள் சில சென்டிமீட்டர் மூழ்கி முடிகிறது. டிரம்மில் மட்டம் ஏறும்போது குழாய்க்குள்ளும் ஏறும். வளைவைத் தாண்டி வழிந்ததும், இறங்கும் தண்ணீர் குழாயில் அடைபட்ட காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். சட்டென்று சைஃபன் பிடித்துக்கொள்ளும், அதாவது தண்ணீர் தானாகவே வளைவைத் தாண்டி இழுபட்டு ஓடத் தொடங்கும். அவ்வளவுதான், டிரம் முழுவதும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் இறங்கிவிடும். மட்டம் குழாயின் வாய்க்கு வந்ததும் காற்று புகுந்து சைஃபன் அறுந்து, மறுபடி நிரம்பத் தொடங்கும். ஸ்விட்ச் இல்லை, டைமர் இல்லை, வால்வு இல்லை.

கணக்கைப் பாருங்கள். அந்த உயரத்துக்கு ஏற்றிய பிறகு மணிக்கு 600 லிட்டர் தரும் பம்பு, 20 லிட்டரை நிரப்ப இரண்டு நிமிடம் எடுக்கும். ஒன்றரை அங்குலக் குழாயில் அது இறங்குவதற்குப் பத்து வினாடி சுமார். அந்தப் பத்து வினாடிக்கு மணிக்கு 7200 லிட்டர் பம்பு ஓடியதற்குச் சமம். அந்த வீச்சு தொட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பும். கூடவே மட்டமும் மாறும். என் தொட்டியின் பரப்புக்கு 20 லிட்டர் என்பது நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் அவ்வளவு வடிந்து, பிறகு ஏறுகிறது. முதல் வீச்சு வந்ததும் கோமாளி மீன்கள் கல்லுக்குள் போய் ஒளிந்துகொண்டன. சில நாளில் சத்தம் கேட்டதும் வெளியே வந்து எதிர்நீச்சல் போடப் பழகிவிட்டன.

கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. பம்பு மிகச் சிறியதாக, குழாய் மிகப் பெரியதாக இருந்தால் தண்ணீர் வளைவில் நூலாக வழிந்துகொண்டே இருக்கும், சைஃபன் பிடிக்கவே பிடிக்காது. பம்பைப் பெரிதாக்குங்கள் அல்லது குழாயை ஒரு அளவு இறக்குங்கள். சைஃபன் என்றாவது ஒருநாள் பிடிக்காமல் போகும் என்று வைத்துக்கொண்டு, டிரம்மின் விளிம்புக்குக் கீழே இரண்டாவது குழாய் ஒன்றைத் தொட்டிக்கு இறக்கியே ஆக வேண்டும். இல்லையென்றால் நடு இரவில் கூடத்தில் உப்புத் தண்ணீர். அந்தக் குழாயை வைக்காத டிரம்மை ஓட விடாதீர்கள். பித்தளை மிதவை வால்வு, பித்தளை நிப்பிள் எதுவும் கூடாது. அதிலுள்ள செம்பு முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொல்லும். ஒவ்வொரு வீச்சின் தொடக்கத்திலும் முடிவிலும் குமிழ்கள் வரும், முடியும்போது ஒரு பெரிய உறிஞ்சல் சத்தமும். அக்கம்பக்கம் எங்கும் உப்பு தெறித்துப் பூக்கும், வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். படுக்கையறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது சரிவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வால்டர் ஏடி, நிரம்பினால் தானே கவிழும் சாய்தொட்டியைப் பாசி வளர்ப்போடு சேர்த்துப் பயன்படுத்தினார். தத்துவம் கிட்டத்தட்ட ஒன்றுதான், சைஃபனுக்குப் பதிலாக எடைச்சமன்.

போட்ட பம்பெல்லாம் சரியான இடத்தில் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? கண்ணால் பார்ப்பது ஒரு வழி. இரவில் விளக்கை அணைத்து, டார்ச்சை ஒரு பக்கமிருந்து அடித்து, தண்ணீரில் மிதக்கும் தூசைப் பாருங்கள். எங்கே தூசு சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்கிறதோ அங்கே தேக்கம். அந்த இடத்தில் கொஞ்ச நாளில் சிவப்பாகச் சளிபோல சயனோபாக்டீரியா படரும். தொட்டியின் வரைபடத்தை அது எழுதிக் காட்டும். மெல்பவளங்களையும் பாருங்கள். அவற்றின் மேல் பூ மாதிரி விரியும் பாலிப்புகள் ஒரே பக்கம் சாய்ந்து விறைத்திருந்தால் ஓட்டம் அதிகம், திசையும் மாறவில்லை. அசைந்து, நின்று, மறுபக்கம் அசைந்தால் சரி. டிஸ்கோசோமா என்கிற காளான் பவளம் மட்டும் விதிவிலக்கு, அதற்கு ஒதுக்குப்புறம்தான் பிடிக்கும்.

அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஹவாயில் மேக்ஸ்வெல் டோட்டி 1971-ல் எழுதிய ஒரு முறை இருக்கிறது. ஜிப்சக் கட்டிகளை அட்டையில் ஒட்டிக் கடலில் வைத்து, எவ்வளவு கரைந்தது என்று எடை போட்டுப் பார்ப்பது. ஓட்டம் அதிகமுள்ள இடத்தில் அதிகம் கரையும். வீட்டில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஐஸ் டிரேயில் ஊற்றி, நன்றாகக் காய வைத்து, எடை குறித்து, தொட்டியில் உயிர்களை விடும் முன்பே ஆறேழு இடங்களில் ஒரு நாள் முழுக்க வைத்து எடுத்தால் போதும். காய வைத்து மறுபடி சமையலறை டிஜிட்டல் தராசில் போட்டுப் பாருங்கள். கற்களுக்குப் பின்னால் வைத்த கட்டி முன்னால் வைத்ததில் பாதிகூடக் கரையாமல் வெளியே வரும்போது, கற்களை நகர்த்த யாரும் சொல்ல வேண்டியிருக்காது. இந்த டோட்டிதான் பிலிப்பைன்ஸில் கடற்பாசி விவசாயம் வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர். அவர் பெயரிட்டு விவரித்த கப்பாபைகஸ் பாசி பின்னாளில் பாக் விரிகுடாவுக்கு வந்து, மண்டபம் பக்கத்துப் பெண்கள் பலருக்கு வருமானம் கொடுத்தது. அதே பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்து மூடியதும் நடந்தது. ஓட்டத்தில் ஒடிந்து மிதந்துபோகும் ஒரு துண்டிலிருந்தே புதிதாக வளரும் பாசி அது.

பம்புகளின் சூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் ஓடும் பம்பு தின்னும் மின்சாரம் கடைசியில் அத்தனையும் தொட்டியில் சூடாகத்தான் சேரும். பழைய மாதிரி ஏசி பவர்ஹெட் நாலு போட்டால் கோடையில் அதுவே ஒரு ஹீட்டர். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும்: கடல்நீரில் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் அளவில் இருப்பது 30 டிகிரியில் 6.2 அளவுக்கு இறங்கிவிடும். மேற்பரப்பு நன்றாகக் கலங்கினால் ஆவியாதல் கூடும், அது குளிர்விக்கும். நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், 28 வாட் பம்பு நாள் முழுக்க ஓடி ஏற்றுகிற சூட்டை அது எடுத்துக்கொண்டு போகிறது. மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இன்னும் நல்லது. உப்பு மட்டும் ஆவியாகாது என்பதால் ஈடுகட்ட ஊற்றுவது ஆர்ஓ தண்ணீராக இருக்க வேண்டும். காற்றில் புழுக்கம் கூடிய நாட்களில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

பராமரிப்பு எளிது, ஆனால் விடக் கூடாது. இறக்கையிலும் அச்சிலும் சுண்ணாம்பு படிந்து, கண்ணுக்குத் தெரியாமலே ஓட்டம் குறைந்துகொண்டு வரும். மாதம் ஒருமுறை கழற்றி, வினிகரிலோ எலுமிச்சை உப்புக் கரைசலிலோ ஊற வைத்துத் தேய்த்தால் புதிதாகிவிடும். அச்சு செராமிக்காக இருந்தால் பார்த்துக் கையாளுங்கள், எளிதில் உடையும். கடல் சாமந்தி என்கிற பூப்போன்ற உயிரை வைத்திருப்பவர்கள் பம்பின் வாயை ஸ்பாஞ்சால் மூட வேண்டும். அது நகர்ந்து போய் உறிஞ்சலில் மாட்டினால் அரைபட்டுத் தொட்டி முழுக்க நஞ்சாகும். எல்லா வயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாது. தொட்டியின் லைனில், மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். உப்புத் தண்ணீரில் கை வைக்கிற வேலை இது.

கடைசியாகக் கரண்ட். 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையைக் கடந்த பிறகு பல பகுதிகளில் மின்சாரம் திரும்ப நாட்கள் ஆயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அப்படித்தான். விளக்கும் ஸ்கிம்மரும் நின்றால் இரண்டு மூன்று நாள் பிரச்சினை இல்லை. ஓட்டம் நின்றால், நெருக்கமான தொட்டியில் சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கத் தொடங்கும். அதனால் வீட்டு இன்வெர்ட்டரில் தொட்டி முழுவதையும் கோக்காமல், ஒரே ஒரு டிசி வேவ்மேக்கரை மட்டும் கோத்திருக்கிறேன். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் பாதியைத்தான் நம்பலாம் என்றாலும் அது 900 வாட்-மணி. 20 வாட் பம்பும் இன்வெர்ட்டர் தானாகத் தின்னும் இன்னொரு 20 வாட்டும் சேர்ந்தால்கூட ஏறத்தாழ ஒரு நாள் ஓடும். ஃபேனும் டிவியும் அதே பேட்டரியில் ஓடினால் இந்தக் கணக்கு மாலைக்குள் முடிந்துவிடும், வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். பம்பை மேல்நோக்கித் திருப்பி மேற்பரப்பு அலையும்படி வையுங்கள், பவளங்களைப் பற்றி அப்போது யோசிக்க வேண்டாம். அதற்கு மேலும் நீண்டால் டார்ச் செல்லில் ஓடும் சின்னக் காற்று பம்பு கை கொடுக்கும். 1961-ல் ஜகார்த்தாவின் லீ சின் எங், உயிருள்ள கடற்கற்களும் மெல்லிய காற்றுக் குமிழும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்தியதைப் பற்றி எழுதினார். குமிழ் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறது, அதுவும் ஓட்டம்தான். புயல் நாட்களுக்கு அது போதும்.

அக்டோபர் பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டி முன்னால் உட்காருங்கள். எந்தப் பம்பு ஓடுகிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, மேற்பரப்பு அசைகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி தண்ணீர் மட்டத்தையும் அன்றைக்கே பார்த்து ஊற்றிவிடலாம்.